பொட்டலும் பள்ளித்திடலும்: விளையாட்டு குறித்த மனப்பான்மையின் உருவாக்கமும் மாற்றமும் – செட்டிநாட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

விளையாட்டு குறித்த மனப்பான்மை ஒருவரிடம் ஒரே அளவாக அமைந்திருக்கும் பண்பு என்னும் கருத்தின் அடிப்படையிலேயே உடற்கல்வியியல் ஆய்வுகள் பலவும் வினாநிரல்களை அமைக்கின்றன. செட்டிநாட்டுச் சூழலை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது. மஞ்சுவிரட்டைப் போற்றும் ஊர்களே பள்ளியின் உடற்கல்விப் பாடவேளையைப் பொருட்படுத்தாதிருப்பதை முரண்பாடாகக் கொள்ளாமல், மனப்பான்மை என்பது குறிப்பிட்ட ஆட்டம், இடம், ஆள், பயன் ஆகியவற்றைச் சார்ந்தே உருவாகிறது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்கிறது. மனப்பான்மை மாறும் வழியை விளக்கப் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் சைக்கிள் பயிற்சி, தடகள வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனின் வாழ்வு, விளையாட்டு இடஒதுக்கீடு ஆகியன எடுத்தாளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மனப்பான்மை, செட்டிநாடு, மஞ்சுவிரட்டு, உடற்கல்வி, அறிவொளி இயக்கம், பெண்களும் விளையாட்டும்

முன்னுரை

காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையில் அமைந்த சிராவயல் பொட்டலில் ஆண்டுதோறும் தை மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டு நடைபெறுகிறது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் அயல் மாவட்டங்களிலிருந்தும் காளைகள் கொண்டுவரப்படுகின்றன. காளை முட்டிக் காயமடைவோர் எல்லா ஆண்டுகளிலும் உண்டு, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஆயினும் பொட்டலுக்குச் செல்லும் இளைஞனை வீட்டார் தடுப்பது அரிது. தடுத்தாலும் அது அச்சத்தால் தடுப்பதேயன்றி, அவ்வாட்டம் பயனற்றது என்று கருதித் தடுப்பதன்று.

இதே தை, மாசி மாதங்களில்தான் பொதுத்தேர்வு நெருங்குகிறது என்னும் காரணத்தால் பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளை கணக்கிற்கும் அறிவியலுக்கும் கைமாறுகிறது. இது செட்டிநாட்டிற்கு மட்டும் உரிய வழக்கமன்று. உடற்கல்விப் பாடவேளையைப் பிற பாட ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டா என்று மாநில விளையாட்டுத்துறை அமைச்சரே பொதுமேடையில் கேட்டுக்கொள்ள நேர்ந்த அளவிற்கு அது தமிழகம் முழுதும் வேரூன்றியது. அவ்வாறு பாடவேளை பறிபோவதை எதிர்த்துப் பெற்றோர் பள்ளிக்கு வந்து முறையிடுவது கேள்விப்படாத ஒன்று. கொம்புக்கு முன் மகன் நிற்பதைப் பெருமையாகக் கருதும் ஒருவரே அவன் மாலையில் ஒரு மணிநேரம் கைப்பந்து ஆடுவதைக் காலக்கேடு என்று கருதக்கூடும்.

அவருக்கு விளையாட்டின்மீது இருப்பது சாதகமான மனப்பான்மையா, பாதகமான மனப்பான்மையா? இவ்வினாவிற்கு விடை இல்லை. வினா பிழையாக அமைந்திருக்கிறது. அப்பிழையை விளக்குவதும், விளங்கிக்கொண்டால் மாற்றத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

மனப்பான்மையும் அதன் அளவீடும்

ஒரு பொருளை விரும்பத்தக்கதாகவோ வெறுக்கத்தக்கதாகவோ மதிப்பிடும் உளச்சாய்வையே உளவியலார் மனப்பான்மை என்பர். அம்மதிப்பீட்டில் அறிவுக்கூறு, உணர்ச்சிக்கூறு, செயல்நாட்டக்கூறு என்னும் மூன்றும் கலந்திருக்கும் என்பது பரவலான பாடநூல் விளக்கம். மனப்பான்மையை அளக்க முடியும் என்று 1928இல் தர்ஸ்டன் வாதிட்டார். 1932இல் லிக்கர்ட் எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தார். 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படிநிலைகளைக் கொண்ட அவ்வமைப்பு, இன்று தமிழகப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல், உடற்கல்வியியல் ஆய்வேடுகளில் ஏறத்தாழ மாறாத வடிவமாகிவிட்டது.

உடலியக்கத்திற்கெனத் தனி அளவுகோலை 1968இல் கென்யன் உருவாக்கினார். மக்கள் உடலியக்கத்தில் எதனைக் காண்கின்றனர் என்பதை ஆறு கூறுகளாக அவர் பிரித்தார்: பிறரோடு பழகும் வாய்ப்பு, உடல்நலம், ஆபத்தின் சிலிர்ப்பு, அழகு, மன இறுக்கத் தளர்வு, தவம்போன்ற கடும்பயிற்சி. ஒருவரின் விருப்பம் இவ்வாறனுள் ஒன்றில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் இருக்கலாம் என்று அவர் கண்டது பெரிய முன்னேற்றம். எனினும் சிராவயல் பொட்டலில் அவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் அதன் எல்லை தெரிகிறது. ஆபத்தின் சிலிர்ப்பு அங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நேர்த்திக்கடன், கோவில் காளைக்குரிய முதன்மை, ஊர்மானம், காளை வளர்த்த வீட்டின் பெயர் ஆகியவற்றை அவ்வாறு கூறுகளுள் எதில் அடக்குவது? வட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை மனத்தில் கொண்டு அமைந்த வினாநிரலைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி வழங்கும் ஆய்வாளர், கிராமத்தார் பெரிதும் மதிக்கும் ஒன்றைக் கேட்காமலேயே 'மனப்பான்மை குறைவு' என்று முடிவுகட்டிவிட இடமுண்டு.

மனப்பான்மைக்கும் செயலுக்கும் இடையிலான தொலைவும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1930களின் தொடக்கத்தில் லபியர் என்னும் சமூகவியலாளர் சீன இணையர் ஒருவருடன் அமெரிக்காவில் பயணம் செய்து 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சென்றார். ஓரிடத்தில் மட்டுமே அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. பின்னர் அதே நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிச் சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டபோது, விடையளித்தவர்களுள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஏற்கமாட்டோம் என்றனர். தாளில் கூறும் விடை வேறு, வாயிற்படியில் நிற்கும் ஆளை நோக்கிய நடத்தை வேறு.

இத்தொலைவைக் குறைக்கும் வழியை ஐசன், ஃபிஷ்பைன் ஆகிய இருவரும் 1977இல் எடுத்துரைத்தனர். பொதுவான மனப்பான்மையைக் கேட்டுக் குறிப்பிட்ட செயலை முன்னுரைக்க இயலாது. எந்தச் செயல், எதனை நோக்கியது, எந்தச் சூழலில், எப்பொழுது என்னும் நான்கும் மனப்பான்மையிலும் நடத்தையிலும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 'விளையாட்டு நல்லதா?' என்று கேட்டால் காரைக்குடியில் நல்லது என்று கூறாதவர் இரார். 'ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் வாரம் மூன்று நாள் மாலை ஆறு மணிவரை பள்ளித்திடலில் கால்சட்டை அணிந்து கோ-கோ ஆடலாமா?' என்று கேட்டால்தான் மனப்பான்மை வெளிப்படும்.

ஒரு சொல்லின் இரு முகம்

தமிழ்ச்சொல்லே இங்குச் சிந்தனைக்குரியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைச் செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு வைத்து எண்ணுகிறது. முல்லைக்கலி ஏறுதழுவலை ஆயர்குல மணவினையோடு இணைத்துப் பாடுகிறது. பாரதியாரின் பாப்பாப் பாட்டு குழந்தையின் நாளில் மாலைப்பொழுது முழுவதையும் விளையாட்டுக்கு ஒதுக்கித் தருகிறது. மறுபுறம், அன்றாட வழக்கில் 'விளையாட்டுப் பிள்ளை' என்றால் பொறுப்பறியாதவன். 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் பொருட்படுத்தற்க என்பது பொருள். விளையாட்டு வினையாகும் என்பது எச்சரிக்கை.

ஆகவே ஒரு மாணவன் விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள விரும்புவதாக வீட்டில் கூறும்பொழுது, அச்சொல்லில் ஏற்கெனவே படிந்துள்ள 'பொருட்படுத்தத்தகாதது' என்னும் பொருளோடும் போராட வேண்டியிருக்கிறது. மஞ்சுவிரட்டைக் கிராமத்தார் பெரும்பாலும் 'விளையாட்டு' என்று அழைப்பதில்லை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். அது மஞ்சுவிரட்டு; அல்லது 'மாடு விடுதல்'; அல்லது 'சாமி காரியம்'.

செட்டிநாட்டில் மனப்பான்மை உருவாகும் களங்கள்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக்கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொண்ட நிலப்பகுதியே செட்டிநாடு. இங்கு நகரத்தார் மட்டும் வாழவில்லை. வேளாண்குடிகள், கைவினைஞர்கள், தலித் மக்கள் எனப் பலரும் வாழ்கின்றனர். விளையாட்டு குறித்த மனப்பான்மையும் இக்குழுக்கள்தோறும் வேறு வேறு களங்களில் உருவாகியிருக்கிறது.

நகரத்தார் வீட்டின் முகப்பு ஆடவர் வணிகம் பேசும் இடம். வளவும் இரண்டாம் கட்டும் பெண்டிர் புழங்கும் இடம். பல்லாங்குழியும் தாயமும் சோழியும் உள்கட்டு ஆட்டங்கள். காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்று அயல்நாட்டுப் பயணிகள் வாங்கிச்செல்லும் மரப் பல்லாங்குழிகள், ஒரு காலத்தில் இவ்வீடுகளின் பிற்பகல்களைக் கழிக்கத் துணைநின்றவை. பெண் விளையாடுவதை இச்சமூகம் வெறுத்ததில்லை. அவள் கூரைக்கு அடியில், அமர்ந்தபடி, தன் உறவினர் முன்னிலையில் விளையாடினாள். இவற்றுள் எது தளர்ந்தாலும் அது வேறு செயலாகிவிட்டது. இன்றும் மகளைச் சதுரங்கப் பயிற்சிக்கு மனமுவந்து அனுப்பும் பெற்றோர் ஓட்டப்பயிற்சிக்கு அனுப்பத் தயங்குவார்களாயின் அதன் வேர் இங்கும் ஓரளவு இருக்கிறது.

ஆண் பிள்ளைகளின் நிலை வேறு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்ற நகரத்தார் கடைகளில் இளவயதிலேயே 'பெட்டியடிப் பையன்' என்னும் நிலையில் சேர்ந்து, அடுத்தாள், மேலாள் எனப் படிப்படியாக உயர்வது தொழில்முறை. மனக்கணக்கும் ஐந்தொகையும் கடிதமரபும் பயிலவேண்டிய பருவமே பதின்பருவம். நேரம் என்பது வட்டி ஈட்டும் முதல் என்னும் பார்வை இத்தொழிலோடு உடன் வளர்ந்தது. தொழில் போயிற்று, பர்மாக் கடைகள் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் கடந்துவிட்டன. பார்வை மட்டும் தேர்வு மதிப்பெண்ணை ஈட்டும் முதலாக நேரத்தை மாற்றிக்கொண்டு தொடர்கிறது.

இதே குடியில் பிறந்த எம்.ஏ. சிதம்பரம் 1960களின் தொடக்கத்தில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தார். சேப்பாக்கம் விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மகன் ஏ.சி. முத்தையாவும் பின்னாளில் அப்பொறுப்பை வகித்தார். விளையாட்டைப் புரப்பதற்குரிய மனப்பான்மையும் விளையாடுவதற்குரிய மனப்பான்மையும் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. கோவில் திருப்பணிக்குக் கொடுப்பதும் கல்லூரிக்குக் கொடுப்பதும் விளையாட்டரங்கிற்குக் கொடுப்பதும் ஒரே கொடைமரபின் நீட்சி. வள்ளல் அழகப்பரின் கல்விக்கொடையால் காரைக்குடி கல்விநகராயிற்று. அவர் பெயரிலான பல்கலைக்கழகம் 1985இல் அமைந்தது. அதன் கீழ் உடற்கல்வியியலுக்கெனத் தனிக் கல்லூரியும் இயங்குகிறது. தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் பயில வரும் ஊர், தன் பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளையைக் காத்துக்கொள்ளத் தடுமாறுவது கசப்பான உண்மையே.

மூன்றாவது களம் பள்ளி. நம் பள்ளிகளில் உடற்கல்வி என்பது அணிவகுப்பு, கட்டளை, ஒழுங்கு ஆகியவற்றோடு பிணைந்தே வந்திருக்கிறது. 'டிரில் மாஸ்டர்' என்னும் பெயரே அதற்குச் சான்று. தாமதமாக வந்த மாணவனைத் திடலைச் சுற்றி ஓடச்செய்வதும், காலை வணக்கக் கூட்டத்தில் பிரம்போடு நிற்பதும் அவ்வாசிரியர் தலையில் கட்டப்பட்ட பணிகள். ஓட்டம் தண்டனையாக அறிமுகமானவனுக்குப் பின்னர் ஓட்டத்தின் நன்மைகளை எத்தனை கருத்தரங்குகளில் எடுத்துரைத்தாலும், முதலில் பதிந்த உணர்ச்சி எளிதில் அகலாது. மனப்பான்மையின் உணர்ச்சிக்கூறு அறிவுக்கூற்றுக்கு முன்னரே உருவாகிவிடுகிறது என்று ஆய்வேடுகள் மேற்கோளாகக் காட்டும் கருத்தை இங்குக் கண்கூடாகக் காணலாம்.

பண்பாடு என்னும் பெயரில் வென்ற ஆட்டம்

மஞ்சுவிரட்டும் சல்லிக்கட்டும் நீதிமன்றம் ஏறிய வரலாறு மனப்பான்மை ஆய்வாளருக்குப் பெரும் பாடம். 2009இல் தமிழக அரசு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2011இல் காட்சிப்படுத்தத் தடைசெய்யப்பட்ட விலங்குகளின் பட்டியலில் மைய அரசு காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 சனவரியில் சென்னை மெரினாவிலும் மாநிலம் முழுவதிலும் எழுந்த போராட்டத்தைத் தொடர்ந்து அவசரச் சட்டமும் திருத்தச் சட்டமும் வந்தன. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தைச் செல்லும் என்றது.

மெரினாவில் கூடியோருள் பெரும்பகுதியினர் நகர்ப்புற மாணவர்களும் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களும் ஆவர். அவர்களுள் வாழ்நாளில் ஒருமுறையேனும் காளையின் திமிலைத் தொட்டவர் சிலரே இருந்திருப்பர். தொடாத ஒன்றின்மீது இத்துணை ஆழ்ந்த மனப்பான்மை எவ்வாறு தோன்றும்? கேட்ஸ் 1960இல் வகுத்த பயன்பாட்டுக் கொள்கை இதற்கு விடை தருகிறது. மனப்பான்மைகள் நால்வகைப் பணிகளுள் ஒன்றையோ பலவற்றையோ ஆற்றுகின்றன: நன்மை பெறுதல், தன்மதிப்பைக் காத்தல், தன் விழுமியங்களை வெளிப்படுத்தல், உலகைப் புரிந்துகொள்ளல். மெரினாவில் வெளிப்பட்டது மூன்றாம் வகை. அங்குக் காளை தமிழ் அடையாளத்தின் குறியாயிற்று. வழக்கிலும் வெற்றி 'விளையாட்டு' என்னும் சொல்லால் கிட்டவில்லை. 'பண்பாட்டு மரபு' என்னும் சொல்லே வென்றது.

இதன் உட்கிடை முதன்மையானது. ஒரு மனப்பான்மை எப்பணியை ஆற்றுகிறதோ அப்பணியை நோக்கியே அதனை அணுகவேண்டும் என்பது கேட்ஸின் வாதம். நேர்த்திக்கடனாகவும் ஊர்மானமாகவும் நிலைபெற்ற ஒன்றை உடல்நல அறிவுரையால் வளர்க்கவும் இயலாது, குறைக்கவும் இயலாது. விலங்குநல ஆர்வலர்களின் துன்புறுத்தல் வாதம் கிராமங்களில் எடுபடாமற் போனமைக்கும் இதுவே காரணம். ஊரார் காளையைப் பிள்ளையெனக் கொண்டு வளர்க்கும் வீடுகளை அவ்வாதம் கண்டுகொள்ளவே இல்லை. அதே வேளையில், 2017க்குப் பின் வந்த கால்நடை மருத்துவச் சோதனை, வீரர் பதிவு, உடற்தகுதிச் சான்று, தடுப்புவேலி ஆகியவற்றைப் பெரும்பாலான ஊர்கள் முணுமுணுத்தபடியே ஏற்றுக்கொண்டன. கெல்மன் 1958இல் கூறிய மூன்று வழிகளுள் இது 'இணங்கல்'. ஒன்றிப்போதலும் அகவயமாதலும் அதன் பின்னரே நிகழும், நிகழாமலும் போகலாம்.

பொட்டலைப் போற்றும் ஆய்வாளர் ஒன்றை மறைத்துவிடலாகாது. பொட்டலில் முதல் மரியாதை யாருக்கு, யார் காளை முதலில் அவிழ்க்கப்படும், எத்தெருவார் எங்கு நிற்பர் என்பனவற்றிற்கு வரிசைமுறை உண்டு. அவ்வரிசை சாதியைச் சார்ந்தது. அதனால் பூசல்களும் நேர்ந்துள்ளன. பெண்கள் காளையை வளர்க்கலாம், நீராட்டலாம், பொட்டலுக்கு ஓட்டியும் வரலாம், பிடிக்க இறங்குவதில்லை. பள்ளித்திடலில் எழுதப்பட்ட விதிப்படி இவ்வரிசை இல்லை. எல்லாப் பிள்ளைகளும் எல்லா இடத்திலும் நிற்கலாம் என்னும் உரிமை ஓர் ஊரில் எங்கேனும் இருக்குமாயின் அது பெரும்பாலும் அரசுப் பள்ளித்திடலாகவே இருக்கும். உடற்கல்விப் பாடவேளை பறிபோகும்பொழுது இழக்கப்படுவது உடற்பயிற்சி மட்டும் என்று எண்ணுவது குறுகிய பார்வை.

செயல் முன், மனம் பின்: புதுக்கோட்டைச் சைக்கிள்

மனப்பான்மை மாறினால் நடத்தை மாறும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. விழிப்புணர்வுப் பேரணிகளும் பேச்சுப்போட்டிகளும் இவ்வெதிர்பார்ப்பின் மேல்தான் நடைபெறுகின்றன. செட்டிநாட்டின் வடபகுதியைத் தன்னுட்கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில் முப்பதாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று இதற்கு நேர்மாறான வரிசையைக் காட்டுகிறது.

1991இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் இணைத்தார். இயக்கத்தின் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டும், அதற்கு எவரையும் எதிர்பாராத ஊர்தி வேண்டும் என்னும் நடைமுறைத் தேவை இதற்குப் பின்னால் இருந்தது. சைக்கிள் வாங்கக் கடனுதவிக்கு வழி செய்யப்பட்டது. பயிற்சி முகாம்கள் பொதுவெளியில், கூட்டமாக நடந்தன. சைக்கிள் பாட்டு ஒன்றும் இயற்றப்பட்டு ஊர்தோறும் பாடப்பட்டது. பதினெட்டு மாதங்களுக்குள் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுக் காட்சிகளிலும் போட்டிகளிலும் சைக்கிள் விட்டுக் காட்டியதாக இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் சென்றனர்.

தொடக்கத்தில் ஏச்சும் கேலியும் இருந்தன. பெண் கால்விரித்து அமர்ந்து, ஆடை பறக்க, ஆணை முந்திச் செல்வது ஊர் மரபிற்குப் பொருந்தாத காட்சி. அக்காட்சி நாள்தோறும் நூற்றுக்கணக்கில் கண்ணில் பட்டபொழுது கேலி சலித்துப்போயிற்று. இடையில் பயன்களும் வெளிப்பட்டன: தண்ணீர் கொண்டுவர முடிந்தது, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாயிற்று, விளைபொருளைத் தாமே சந்தைக்குக் கொண்டுசெல்ல இயன்றது. சாய்நாத் தரும் ஒரு செய்தி நயமானது. பெண்களுக்கென வடிவமைத்த சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினராம். அதன் முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதே காரணம். வினாநிரலில் எந்த ஆய்வாளரும் கேட்டிருக்க இயலாத காரணம் இது.

சைக்கிள் விடுதல் போட்டி விளையாட்டன்று என்று தடை எழுப்பலாம். ஆனால் பெண்களின் விளையாட்டைத் தடுத்துநிறுத்தும் மனப்பான்மையின் கருப்பொருள் கைப்பந்தோ ஓட்டமோ அன்று. பெண்ணுடல் பொதுவெளியில் தன் விருப்பப்படி விரைந்து இயங்குவதுதான் அக்கருப்பொருள். புதுக்கோட்டையில் மாறியது அதுவே. செயலில் இறங்கியபின் மனிதர் தம் கருத்தைச் செயலுக்கு இசைவாகத் திருத்திக்கொள்வர் என்று 1957இல் ஃபெஸ்டிங்கரும், தாம் செய்வதைக் கண்டே தம் மனப்பான்மையை மனிதர் உய்த்துணர்கின்றனர் என்று 1972இல் பெம்மும் கூறியவை இங்குப் பொருந்துகின்றன. கொள்கையளவில் இருவரும் மாறுபடுவர், வரிசையில் மாறுபடவில்லை.

அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972இல் வருவதற்கு முன் உயர்நிலைப்பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற பெண்கள் 3 இலட்சத்திற்கும் குறைவு. 2018–19இல் 34 இலட்சம். பெண்களுக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்பதே முன்னர்க் கூறப்பட்ட காரணம். வாய்ப்பு திறந்ததும் நாட்டம் வந்தது.

பரிசும் அதன் எல்லையும்

புதுக்கோட்டை மாவட்டம் கதக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை ஒன்றைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழக அரசு அறிவித்த 15 இலட்சம் ரூபாயைத் திரும்பப் பெறவில்லை. அவர் அதனைக்கொண்டு சிறாருக்கு ஓட்டப்பயிற்சி அளித்தார். பின்னர்ச் சூளை வேலைக்குத் திரும்பும் நிலையும் வந்தது. 2016இல்தான் அரசுப் பயிற்றுநர் பணி கிடைத்தது.

ஒரு தலித் குடும்பத்துப் பெண் ஓடி மேலேறியதைக் கண்ட ஊர், அவர் இறக்கப்பட்டதையும் கண்டது. பிறரைப் பார்த்துக் கற்றல் குறித்துப் பண்டூரா கூறியதில் பெரும்பாலும் எடுத்தாளப்படாத பகுதி ஒன்று உண்டு: முன்மாதிரி பெறும் பரிசைப் போலவே, முன்மாதிரி அடையும் தண்டனையும் காண்பவரின் நடத்தையைத் தீர்மானிக்கும். சாதனையாளரைப் பள்ளிக்கு அழைத்து மாலையிட்டுப் பேசவைக்கும் திட்டங்கள் இதனைக் கணக்கில் கொள்வதில்லை. பெற்றோர் கணக்கில் கொள்கின்றனர். விளையாடும் மகளுக்கு இடர் வந்தால் யார் துணைநிற்பர் என்பதே அவர்கள் கேளாமல் கேட்கும் வினா.

அரசு தரும் விடை பெரும்பாலும் பரிசு வடிவில் உள்ளது. அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காட்டு ஒதுக்கீடும், பொறியியல் சேர்க்கையில் 500 இடங்களும், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் உள்ளன. 'விளையாடினால் வேலை கிடைக்குமா?' என்று கேட்கும் வீட்டில் இவை உண்மையான மாற்றத்தை உண்டாக்கியுள்ளன. கேலி செய்தற்குரியன அல்ல. ஆயினும் 1973இல் லெப்பர் குழுவினர் மழலையர் பள்ளியில் செய்த சோதனை எச்சரிக்கை தருகிறது. விரும்பி ஓவியம் வரைந்த குழந்தைகளுள், பரிசு உண்டு என்று முன்கூட்டிச் சொல்லி வரையச்செய்யப்பட்டவர்கள் பின்னர்த் தாமாக வரைவது குறைந்தது. சான்றிதழுக்காகத் தொடங்கிய ஆட்டம் சேர்க்கை முடிந்த மறுநாள் நின்றுவிடுவது வியப்புக்குரியதன்று. மேலும் இப்பரிசுகள் மாநில, தேசிய அளவில் வெல்லும் சிலருக்கானவை. வெல்லாத பெரும்பான்மையினர் விளையாடுவதற்குரிய காரணத்தை அவை தருவதில்லை.

செட்டிநாட்டுப் பள்ளிகளில் தொடங்கத்தக்க இடம்

ஐசன் 1991இல் விரிவாக்கிய கொள்கைப்படி ஒரு செயலை நோக்கிய எண்ணம் மூன்றால் அமைகிறது: அச்செயல்பற்றிய மனப்பான்மை, வேண்டியவர் என்ன நினைப்பர் என்னும் உணர்வு, தன்னால் செய்ய இயலும் என்னும் நம்பிக்கை. உலகெங்கும் 11 முதல் 17 வயதுக்குட்பட்டோருள் 81 விழுக்காட்டினர் போதிய உடலியக்கமின்றி இருப்பதாக 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு கூறுகிறது. பெண்களில் இது 85 விழுக்காடு. இத்தகைய எண்களைக் கண்டவுடன் நம் பள்ளிகள் முதற்கூறாகிய மனப்பான்மையைப் பற்றிக்கொண்டு அறிவுரையில் இறங்குகின்றன. செட்டிநாட்டுச் சான்றுகள் மற்ற இரண்டையுமே முதலில் கவனிக்கச் சொல்கின்றன.

காரைக்குடிப் பள்ளியொன்றில் பயிலும் கிராமத்து மாணவிக்கு மாலைப்பயிற்சி என்பது முதலில் பேருந்துச் சிக்கல். 2021முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்தபின் அவள் ஊருக்குப் பேருந்து இருக்கிறதா, இறங்குமிடத்தில் விளக்கு எரிகிறதா என்பவை கட்டணத்தால் தீர்வன அல்ல. உடை மாற்ற அறையும் தூய கழிவறையும் இல்லாத திடலில் பூப்பெய்திய மாணவி விளையாட மறுப்பதை 'ஆர்வமின்மை' என்று பதிவேட்டில் எழுதுவது பிழையான அளவீடு. பயிற்சியைப் பள்ளிநேரத்திற்குள் கொண்டுவருவது, அதாவது பறிபோன பாடவேளையைத் திரும்பப் பெறுவது, இவ்விடர்களுள் பாதியை ஒரே வீச்சில் நீக்கும்.

ஊரார் பார்வையை மாற்ற ஊரார் பார்க்கும் இடத்தில் ஆட்டம் நிகழவேண்டும் என்பது புதுக்கோட்டை தரும் பாடம். பூட்டிய சுற்றுச்சுவருக்குள் நடக்கும் ஆண்டு விழாவைவிட, கோவில் திருவிழாவையொட்டி ஊர்ப்பொட்டலிலேயே நடத்தப்படும் மாணவியர் கபடியோ நெடுந்தொலைவு ஓட்டமோ வலிமையானது. சிலம்பம் இதற்கு நல்ல இடைப்பாலம். திருவிழா முன்வரிசையில் ஊர் ஏற்கெனவே மதிக்கும் கலை அது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. சிலம்பம் சுற்றும் மகளைக் கண்டு மகிழும் வீடு, அவள் ஓடுவதை ஏற்க நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பொட்டலின் மதிப்பைப் பள்ளித்திடல் கடன் பெறலாம். பொட்டலின் வரிசைமுறையை உடன் பெற்றுவிடாதபடி பள்ளி காவல் இருத்தல் வேண்டும்.

ஆய்வாளர்க்கும் இதில் பணி உண்டு. மொழிபெயர்த்த வினாநிரலைக் கொடுத்து ஒரே நாளில் முந்நூறு மாணவரின் 'விளையாட்டு மனப்பான்மை'யை அளப்பதற்குப் பதில், ஒரே குடும்பத்தில் தந்தை, தாய், மகன், மகள் ஆகியோரிடம் மஞ்சுவிரட்டு, கைப்பந்து, ஓட்டம், பல்லாங்குழி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்து, யார் ஆடலாம், எங்கு ஆடலாம், எவ்வயதுவரை ஆடலாம், யார் பார்க்க ஆடலாம் என்று கேட்டால் பெறும் விடைகள் ஒரு சராசரி எண்ணில் அடங்கா. அவற்றைத் தை மாதத்தில் ஒருமுறையும், தேர்வு முடிந்த வைகாசியில் மறுமுறையும் கேட்டல் தகும்.